காசிம் மேஸ்திரியும் என் முன் பிரேக்கும்

செய்தி வந்தபோது நான் மட்டாஞ்சேரி கிடங்கில் மிளகுக்குத் தரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டை இறக்க வந்த ஜோசப், "சேட்டா, அறிஞ்ஞோ? நம்ம காசிம் மேஸ்திரி போயி. காலைல நெஞ்சுவலி" என்றான். கையிலிருந்த மிளகைத் திரும்பச் சாக்கில் கொட்டினேன். அடுத்த மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன். ஜோசப் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவிழ்த்தான்.

பஜாரில் அவரிடம் வண்டி விட்டவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறோம், நீயும் எழுது என்றார்கள். என்னிடம் கேட்டிருக்கக் கூடாது என்றேன். விடவில்லை. அதனால் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப்போகிறீர்கள். நான் சொல்வதில் பொய் இருந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம், ராணுவ ஏலத்தில் போய்ப் பல கை மாறிய ஒரு பழைய புல்லட்டை ஆலுவாவில் வாங்கினேன். போடியிலிருந்து பிழைக்க வந்தவன் நான். எனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் பெரிய பொருள் அது. பாதி வழி ஓட்டி, பாதி வழி தள்ளி, காசிம் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுவந்து நிறுத்தினேன். எஞ்சினைப் பிரித்தவர் உள்ளேயிருந்து எண்ணெய் ஊறிய காகிதம் ஒன்றை எடுத்தார். முன்பு வைத்திருந்த யாரோ, கசிவை அடைக்கும் கேஸ்கெட்டுக்குப் பதிலாகச் சினிமா நோட்டீஸை வெட்டி வைத்திருக்கிறான். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சுற்றி நின்றவர்களுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

"தினசரி மூணு காட்சி. ஏய் போடிக்காரா, நீ வண்டி வாங்கினியா, டிக்கெட் வாங்கினியா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வேலை தெரிந்தவர்; அதை நான் மறுக்கவில்லை. இரண்டே வாரத்தில் அந்த வண்டியை ஒரே உதையில் கிளம்ப வைத்தார். என் மனைவி பாக்கியம் பின்னால் உட்காருவாள், சக்கரத்தில் புடவை சிக்காமல் ஒரு கம்பி வலை போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். வலை இல்லை. நான் கேட்காத புது ஹேண்டில் பார் ஒன்று, மாட்டுக் கொம்பு மாதிரி நின்றது. ஏன் என்றேன். "வண்டி உன்னுது, அறிவு என்னுது. எடுத்துட்டுப் போ" என்றார். இந்த வாசகத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். பெருமையாகக்கூடச் சொல்லித் திரிகிறீர்கள்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில், களமசேரியில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தோம். தோப்பும்படிப் பாலத்திலிருந்து இறங்கும்போது முன்னால் ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. கால் பிரேக்கை மிதித்தேன், பின்சக்கரம் வழுக்கியது. கை பிரேக்கை முழுப் பலத்தோடு பிடித்தேன். லீவர் இறுகியது. சக்கரத்தில் ஒன்றும் பிடிக்கவில்லை. வண்டியோடு விழுந்தோம். எனக்கு முழங்கை சிராய்த்ததோடு போயிற்று. பாக்கியத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று மாதம் படுக்கையில் இருந்தாள். எழுந்து நடந்தபோது இடது பக்கம் சாய்ந்து நடந்தாள். இன்றும் அப்படித்தான் நடக்கிறாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஒரு நாள் வண்டியை உட்கார்ந்து பார்த்தேன். முன் பிரேக் கேபிளின் கீழ் நுனி சக்கரத்தோடு சேரவில்லை. அதை மேலே இழுத்து, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டுக்கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. பிடித்தால் கைக்கு இறுக்கம் தெரியும். பிரேக் மட்டும் இருக்காது. ஒரு பிடி மிளகில் ஒற்றைப் பப்பாளி விதை கிடந்தாலும் கண்டுபிடிக்கிற கை இது. அந்த லீவரில் ஏமாந்துவிட்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தினேன்.

"மேஸ்திரி, இது யார் கட்டினது?"

"நான்தான். மழைல முன்சக்கரத்தைப் பிடிச்சா ஆள் பறந்துடும். எத்தனை பேரை நான் ரோட்டுலேர்ந்து வாரி எடுத்திருக்கேன், அறியுமா?"

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீ சம்மதிப்பியா?"

ஒரு மனிதன் என் வண்டியில் எனக்குத் தெரியாமல் கை வைத்துவிட்டு, அதையே நியாயமாகவும் சொல்கிறான். வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, "ஓட்டத் தெரியாதவனுக்கு நாலு பிரேக் வெச்சாலும் விழுவான்" என்றார். அன்றும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இந்த மலருக்கு எழுதுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, பத்து வருஷம், அவரோடு நான் பேசவில்லை. ஸ்பேனர் வாங்கி, விரல் நசுங்கி, வண்டி வேலையை நானே கற்றுக்கொண்டேன். ஆர்வத்தால் இல்லை, அவர் கை படக் கூடாது என்ற வைராக்கியத்தால். அந்த ஹேண்டில் பாரை அறுத்து எறிந்தேன். புடவை வலையை நானே வளைத்துப் போட்டேன்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. கிடங்கு வாசலில் நிற்கும் வண்டிகளில் அவரிடம் வேலை பார்த்தவற்றின் முன் பிரேக்கைப் பிடித்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. முதலில் பார்த்த மூன்று வண்டிகளிலும் அதே கட்டுக்கம்பி, உடையவர்களிடம் சொன்னேன். ஓணத்துக்குப் பிறகு அவரிடமிருந்து வந்த ஒன்றில் பிரேக் பிடித்தது. அடுத்ததிலும் பிடித்தது. அதன்பின் கம்பி கட்டிய வண்டி ஒன்றுகூட அங்கிருந்து வரவில்லை. யாரிடமும் அவர் எதுவும் சொல்லவில்லை.

பாக்கியத்திடம் சொன்னேன். "அது மன்னிப்புக் கேக்கிறதுதாங்க" என்றாள்.

"மன்னிப்புன்னா வாயில வரணும்" என்றேன்.

அவர் இறந்த அன்று நான் போகவில்லை. பாக்கியம் போனாள். திரும்பி வந்து சொன்னாள். மேஸ்திரியின் மனைவி பாத்தும்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். "வெள்ளிக்கிழமை தொழுதுட்டு உங்க தெரு வழியாத்தான் சுத்தி வருவாரு. நேர் வழி இருக்கே, எதுக்குன்னு கேட்டா, அந்தப் பொண்ணு குழாயடில குடம் தூக்குதான்னு பாத்துட்டு வர்றேன்னு சொல்வாரு."

பத்து வருஷ வெள்ளிக்கிழமைகள். என் வாசல் வழியாகத்தான் போயிருக்கிறார். ஒரு நாள் நின்றிருக்கலாம். நான் கதவைச் சாத்தியிருப்பேன், அது வேறு. ஆனாலும் நின்றிருக்க வேண்டும்.

நல்லதாக ஏதாவது சொல்லி முடிக்கச் சொன்னார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். இத்தனை நாள் அதைச் சுமக்க அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். இனி நான் தனியாகச் சுமக்க வேண்டும்.