கார்மேகத்தின் பெயின்ட் வாளிக் கீரை

கார்மேகம் அபுதாபி முசஃபாவில் வெல்டர். ஊர் முதுகுளத்தூர் பக்கம். இரும்பை ஒட்டவைப்பதில் கெட்டிக்காரன், அதை யாரும் மறுக்க முடியாது. செடி என்று வந்துவிட்டால் அவனைப் போலக் கொலைகாரன் அபுதாபியிலேயே கிடையாது. கேம்ப் ரூமில் அவன் கட்டிலுக்கு மேல்கட்டிலில் கிடந்தவன் நான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துத்தான் பேசுகிறேன்.

2006ஆம் வருஷம். மெஸ்ஸில் பருப்பும் கோழியும் தின்று நாக்குச் செத்துப்போயிருந்த நேரம். எங்கள் ரூமில் மூன்றாவது ஆள் தேவதாஸ், குளச்சல்காரன், ஏசி மெக்கானிக். லீவு முடிந்து வரும்போது ஒரு பொட்டலம் புளிச்சகீரை விதை கொண்டுவந்தான். கார்மேகம் அதை வாங்கித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். "நான் வளக்குறேன். நீங்க திங்க மட்டும் வாங்க" என்றான்.

காலி பெயின்ட் வாளியில் மண்ணைப் போட்டு விதைத்து, ரூம் ஜன்னலோரம் வைத்து, மத்தியானம் பைப்பைத் திறந்து ஊற்றினான். மொட்டைமாடி டாங்குத் தண்ணீர் வெயில் நேரத்தில் கொதிக்கக் கொதிக்க வரும் என்பது குளிக்கப் போனால் ஞாபகம் வருகிறது, செடிக்கு ஊற்றும்போது வரவில்லை. முளைத்ததெல்லாம் வெந்து சாய்ந்தது. அடுத்த தடவை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, டூட்டிக்குப் போகும்போது, வரும்போது, தூங்கும் முன் என்று ஊற்றித் தள்ளினான். வாளிக்கு அடியில் ஓட்டையே கிடையாது. கீரை அழுகி ரூமே நாறியது.

"அதுக்கு நீச்சல் தெரியாதுல மக்கா" என்றான் தேவதாஸ்.

கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வாளிக்கு ஓட்டை போட்டான். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றப் பழகினான். தீனிக்கு அரிசி கழுவின தண்ணீர். அதோடு விட்டானா? பார்க்கில் வேலை செய்யும் சேதுபதியிடம் யூரியா வாங்கிவந்து ஒரு கைப்பிடி போட, இலை நுனியெல்லாம் கருகியது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் ஊற்றி உப்பைக் கழுவிக் காப்பாற்றினான். பிறகு சிட்டிகை அளவுதான். செடி குபுகுபுவென்று இடுப்பு உயரம் வந்தது. ஒவ்வொரு இலையும் விரித்த கை மாதிரி இருந்தது.

அப்போதுதான் பக்கத்து ரூம் விஜயபாஸ்கர் வந்தான், ஸ்டோர் கீப்பர். ஷார்ஜா ரோலா பஜார் பிளாட்பாரத்தில் வாங்கிய ஒரு பனியனை மாசக்கணக்கில் போட்டுத் திரிந்தவன். நெஞ்சில் பெரிதாக ஒரு பச்சை இலை. அது கஞ்சா இலை என்று சைட் இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொன்னதிலிருந்து அதைத் தரை துடைக்கப் போட்டிருந்தான். இப்போது அதை எடுத்துவந்து வாளிக்குப் பக்கத்தில் விரித்துப் பிடித்தான். அதே இலை.

"என்னப்பா இது? புடிச்சா உள்ள வச்சுருவான்" என்றான்.

"கீரைடா. கிள்ளி வாயில போடு, புளிக்கும்."

"போலீஸ்காரன் தின்னு பாத்துட்டா கேஸ் போடுவான்?"

"அத நெஞ்சுல ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சவன் நீ. எனக்குச் சொல்ல வந்துட்ட."

வாய்தான் அப்படிப் பேசியது, ஆள் பயந்துதான் போயிருந்தான். அடுத்த மாதம் அவனுக்கு லீவு. அவன் இங்கே வந்த பிறகு ஊரில் நாகஜோதிக்குப் பெண் பிறந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. மகளை அவன் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான்.

"பிடிச்சாலும் ஊருக்குத்தானல அனுப்புவான்" என்றான் தேவதாஸ்.

"ஜெயில் வழியா அனுப்புவான். போடா அங்கிட்டு" என்றான் கார்மேகம். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை கேம்பில் செக்கிங் என்று பேச்சு கிளம்பியது. பிடுங்கிக் குப்பையில் போட்டால் நாலு பேர் பார்ப்பார்கள். பொதுக் கிச்சனுக்குத் தூக்கிப்போனால் நாற்பது பேர் பார்ப்பார்கள். ரூமுக்குள்ளேயே ஆக்கித் தின்றுவிடுவது என்று முடிவானது. ரூமில் அடுப்பு கூடாது என்பது கேம்ப் சட்டம். கார்மேகத்தின் கட்டிலுக்கடியில் ஒரு சின்ன கேஸ் அடுப்பு இருந்தது என்பது கேம்ப் நடைமுறை.

அவனே இலை இலையாகக் கிள்ளினான். "புள்ள மாதிரி வளத்தேன்டா" என்றான், கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. காய்ந்த மிளகாயும் பூண்டும் தாளித்துக் கடைந்தோம். ஊரைக் கலக்கிய விஜயபாஸ்கர் முதல் ஆளாகத் தட்டோடு வந்து உட்கார்ந்தான். நானும் தேவதாஸும் அவனும் வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தபோது கதவு திறந்தது.

சேஃப்டி ஆபீசர். குண்டூர் பக்கத்து ஆள். தாளித்த வாசம்தான் வராந்தாவிலிருந்து அவரை இழுத்துவந்திருக்கிறது. அடுப்பைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"அரே, கோங்குரா. கிதர் சே மிலா பாய்?" புளிச்சகீரைக்கு அவர் ஊரில் அதுதான் பேர், எங்கே கிடைத்தது என்று கேட்கிறார்.

கார்மேகம் வாளியில் நின்ற மொட்டைக் குச்சியைக் காட்டினான். வளர்த்தது என்று தெரிந்திருந்தால் நானே வாரம் ஒரு கட்டு கேட்டு வாங்கியிருப்பேனே என்று ஹிந்தியில் அங்கலாய்த்தார் மனுஷன். விரலால் தொட்டு நக்கியும் பார்த்தார். நல்லா இருக்கு என்றார். அப்புறம் அடுப்பு யாருடையது என்று கேட்டு, கார்மேகத்தின் பெயரை எழுதிக்கொண்டு, அடுப்பைத் தூக்கிப்போனார்.

தண்டனையாக லீவை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். சனிக்கிழமை கார்மேகம் ஊருக்குப் போன் போட்டான். நாங்கள் பக்கத்தில்தான் நின்றோம்.

"லீவு தள்ளிப்போச்சு ஜோதி."

ஏன் என்று கேட்டிருப்பாள்.

"ரூம்ல கீரை ஆக்குனேன்."

நாகஜோதி கத்தியது எங்களுக்கே கேட்டது. "அப்ப அந்தக் கீரையவே தின்னுக்கிட்டு அங்கேயே கெடங்க."

போன் கட்டாகிவிட்டது. அந்தக் கீரையில் கார்மேகம் ஒரு வாய்கூடத் தின்னவில்லை.