தொட்டியத்துக்காரர் நிறுத்திய வாழைப்பழம்

"புற்றுநோய் செல் பரவுறதுக்குப் பொட்டாசியம் உதவுது." திருச்சியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஆராய்ச்சி மாணவியான நான் இப்படிப் பாதி உண்மையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

மறுவாரம் தொட்டியத்து வாழை விவசாயி ஒருவர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். மனைவிக்கு மார்பகப் புற்றுநோய்.

"நீங்க சொன்னதும் அவளுக்கு வாழைப்பழத்தை நிறுத்திட்டேங்க. அது ஒண்ணுதான் தொண்டையில இறங்கிட்டு இருந்துச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"தப்பு என்னோடதுங்க. பழத்துல இருக்குற பொட்டாசியத்தால பரவாது. செல்லோட தோல்ல சின்ன வாசல் இருக்கு. அது வழியா உள்ள இருக்குற பொட்டாசியம் வெளிய போகும், கூடவே தண்ணியும் போகும். செல் இளைச்சு, சந்துல நுழைஞ்சிடும்."

கணினியில் படத்தை ஓடவிட்டேன். ஒரு செல் மெல்லச் சுருங்கி, தன்னைவிடச் சிறிய துளைக்குள் நுழைந்து, மறுபுறம் விரிந்தது. வாசலை அடைக்கும் மருந்து போட்ட இன்னொரு செல், துளையின் விளிம்பிலேயே நின்றுவிட்டது.

அவர் மூச்சுவிடாமல் பார்த்தார். "கண்ணு இல்ல, மூளை இல்ல. எப்படிங்க வழி தெரியுது?"

"அதைத்தான் நாங்களும் தேடிட்டு இருக்கோங்க."

"இந்த மருந்தை அவளுக்குக் குடுக்கலாமா?"

"இன்னும் ஆளுங்களுக்குக் குடுக்குற அளவுக்கு வரலீங்க."

திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். "பழம் குடுக்கலாம்ல?"

"டாக்டர் வேண்டாம்னு சொல்லலைன்னா தாராளமா குடுங்க."

எத்தனையோ முறை பார்த்த படம். அந்தச் செல் ஒருத்தியின் உடம்புக்குள் ஊர்ந்து போவதாக அன்றுதான் பார்த்தேன். இப்போதெல்லாம் மேடையேறினால், முதலில் வாழைப்பழத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.