வடிவு ஆட்டோவின் மரப்படி

பிள்ளையார்பாளையத்தில் வயதானவர்களுக்காகவே ஆட்டோ ஓட்டுகிறாள் வடிவு. அவர்கள் ஏறி இறங்க ஒரு மரப்படியும் கூடவே வைத்திருக்கிறாள். முதியோருக்கான தொழிலுக்கு மானியம் உண்டென்று கேள்விப்பட்டு, அலையாய் அலைந்து ஓர் அதிகாரியை நேரில் பார்க்க வரவழைத்தாள்.

போட்டோ எடுப்பார்களே என்று அவளுடைய வாடிக்கைக்காரிகள் மூன்று பேரும் தலைக்கு டை அடித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஆட்டோவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள்.

"வயசானவங்க எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"இங்க யாருக்கு வயசாச்சி?" என்று உள்ளேயிருந்து சீறினாள் தில்லையம்மாள்.

வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரப்படியை எட்டி உதைத்துத் தள்ளினாள். "இப்ப எறங்கச் சொல்லு சார், பாக்கலாம்!"

ஒருத்தியும் அசையவில்லை.

"படிய எடுத்து வைடி," என்றாள் தில்லையம்மாள், மெதுவாக.

"எழுபதாச்சின்னு சார்கிட்ட சொல்லுக்கா, வைக்கிறேன்."