நுண்ணினப் பொருளியலும் என் ஒத்தை அரியரும்

படிக்கறது ஒரு வேலைன்னா, அரியர் வெச்சுப் படிக்கறது அதுல ஓவர்டைம். சம்பளம் ரெண்டுக்குமே கிடையாது. அரியர் வெச்சிருந்தவங்க, வெச்சிருக்கறவங்க, இனிமே வெக்கப்போறவங்க எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க, நமக்குள்ள என்ன வெக்கம்? நான் செங்கல்பட்டுல பி.ஏ. பொருளாதாரம், தமிழ் மீடியம். மூணு வருஷத்துல மத்த எல்லாப் பேப்பரும் முடிஞ்சு, முதல் செமஸ்டர் நுண்ணினப் பொருளியல் மட்டும் தொண்டையில மாட்டின மீன் முள்ளு மாதிரி நின்னுடுச்சு. எம்.ஏ.வுக்கு சீட் கிடைச்சிருந்தது. அரியர் பாஸாகலன்னா சீட்டு அடுத்தவங்களுக்குன்னு கறாரா சொல்லிட்டாங்க. எனக்கு டீச்சர் ஆகணும். எங்க வூட்டுல இதுவரைக்கும் யாரும் ஆனதில்ல.

மனம் நெகிழ்ந்த விடை

எல்லா வம்பும் ஒரு வார்த்தையில ஆரம்பிச்சது. முதல் வருஷம் காலேஜ் டெஸ்ட்ல ‘தேவை நெகிழ்ச்சி – விளக்குக’ன்னு கேட்டிருந்தாங்க. அந்தப் பாடம் நடத்தின அன்னிக்கு நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன். அதனால என்ன, நெகிழ்ச்சின்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? தேவையில இருக்கறவங்களப் பாத்தா மனசு நெகிழும், மழை வெள்ளத்துல பக்கத்து வூட்டுக்கு நாங்க சோறு குடுத்தோம், அந்த அக்கா கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னு பக்கம் பக்கமா வெளுத்து வாங்கினேன். கடைசியில ‘இதுவே தேவை நெகிழ்ச்சி ஆகும்’னு அடிக்கோடு வேற.

விலை ஏறினா ஜனங்க வாங்கறது எவ்ளோ குறையுங்கறதுக்குத்தான் அந்தப் பேருன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பேப்பர் குடுக்கும்போது மேடம் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே சொன்னாங்க: “படிச்சு எனக்கே நெகிழ்ந்துடுச்சும்மா, மார்க்குதான் நெகிழ மாட்டேங்குது.”

பஜ்ஜி ஆராய்ச்சி

ஒரு பொருளைத் தின்னத் தின்ன, அடுத்தடுத்ததுல கிடைக்கற திருப்தி குறைஞ்சுக்கிட்டே போகும்னு ஒரு விதி இருக்கு. அதோட முழுப் பேரைச் சொன்னா நமக்கே திருப்தி குறைஞ்சிடும், விடுங்க. புக்குல ஆப்பிளை வெச்சு விளக்கியிருந்தாங்க. “நாம என்னிக்கு ஆப்பிளை வரிசையாத் தின்னோம்?”னு என் ஃப்ரெண்டு சுகந்தி கேட்டா. அவளும் அதே பேப்பர்ல அரியர். சரின்னு மாமல்லபுரம் பீச்சுக்குப் போய் மிளகா பஜ்ஜியில சோதிச்சோம்.

அவ தின்னா, நான் கேட்டேன். ஒவ்வொரு பஜ்ஜி முடிஞ்சதும் “இப்போ குறைஞ்சுதா?”ன்னேன். அவ இல்லன்னு தலைய ஆட்டிட்டு சட்னிக்குத் தட்டை நீட்டினா. கடை அக்கா கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டுச் சொன்னாங்க: “அந்தப் பொண்ணுக்குத் திருப்தி கொறையலமா, எனக்குத்தான் மாவு கொறஞ்சிகினு கீது.”

நின்ன கோடும் படுத்த கோடும்

நாங்க இருக்கறது கல்பாக்கம் பக்கத்துல புதுப்பட்டினம். மாடியில குடியிருக்கற அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர், கல்பாக்கத்துல இன்ஜினியர். விலை மாறினா வாங்கற அளவு எப்படி மாறும்னு காட்டற தேவை வளைகோட்டைச் சொல்லிக்குடுங்கன்னு அவர்கிட்ட போனேன். படத்தைப் பாத்ததும் மனுஷனுக்கு முகம் மாறிடுச்சு. விலை மாறுறதாலதானே வாங்கற அளவு மாறுது, அப்போ கணக்கு வழக்கப்படி விலை படுத்த கோட்டுலதான இருக்கணும், இவங்க ஏன் நின்ன கோட்டுல வெச்சிருக்காங்கன்னு கேட்டார். உலகம் பூரா அப்படித்தான் போடறாங்கன்னு சொன்னதுல கோவம் இன்னும் ஏறிடுச்சு.

அழிச்சு அழிச்சு அவரே திருப்பி வரைஞ்சார். குடுத்த டீ ஆறிப்போச்சு. நான் ஒரு எழுத்துகூடப் படிக்கல. படியில பாக்கும்போதெல்லாம் புக்கைத் திருத்திட்டாங்களான்னு கேப்பார். இல்லன்னதும் ஒருநாள் சொன்னார்: “ஏ பிள்ள, அந்தக் கோட்டப் போட்டவன் எங்கயாவது கண்ணுல பட்டாம்னா சொல்லு, லீவு போட்டுட்டு வாரேன்.”

வெங்காயம்

பரீட்சை நெருங்க நெருங்க நான் புக்கும் கையுமாவே இருந்தேன். அம்மா ரிசார்ட்டுல ரூம் சுத்தம் பண்ற வேலை முடிச்சு வந்து, வெங்காயம் அரிஞ்சு குடுடின்னாங்க. நான் பெரிய இவளாட்டம், “ஒண்ணை எடுத்துக்கிட்டா இன்னொண்ணை விட்டுத்தான் ஆகணும். அப்படி விட்டதுக்குப் பேருதான் வாய்ப்புச் செலவு. வெங்காயம் அரிஞ்சா என் படிப்பு போயிடும்”னு சொன்னேன்.

அம்மா போய்க் கை கால் கழுவிட்டு வந்தாங்க. சாப்பிட உக்காந்தா தட்டுல வெறும் சோறு. என் மூஞ்சியப் பாத்துட்டுச் சொன்னாங்க: “நீ படிப்ப எடுத்துகினடி, கொழம்ப வுட்டுட்ட. ஊறுகா கீது, தொட்டுக்கோ.”

கல்பாக்கம் பஸ்

பரீட்சைய எப்படி எழுதினேன்னு மட்டும் கேக்காதீங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் செங்கல்பட்டுலேர்ந்து டவுன் பஸ்ல வந்துக்கிட்டிருந்தேன். சுகந்தி போன் பண்ணி, தான் பாஸுன்னு அழுதா. எனக்குச் சந்தோஷம்தான், ஆனா பயம் இன்னும் ஜாஸ்தியாயிடுச்சு. நம்பரைப் போட்டா போன்ல வட்டம் சுத்துது, சுத்துது, திருக்கழுக்குன்றம் தாண்டியும் சுத்துது. பக்கத்து சீட்டு அம்மா என்னன்னு கேட்டதுக்கு, “ஃபெயிலானா எம்.ஏ. சீட்டு போயிடும்மா”ன்னு சொல்லும்போதே குரல் உடைஞ்சிடுச்சு. அவங்க என் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

பக்கம் தொறந்துச்சு. ரெண்டு தரம் பாத்தேன். அந்த அம்மாகிட்ட காட்டி அவங்களையும் பாக்கச் சொன்னேன். அப்புறம் எழுந்து நின்னு “பாஸு, பாஸு”ன்னு கத்திட்டேன். பின்னாலேர்ந்து கூட்டத்தத் தள்ளிக்கிட்டு வந்த கண்டக்டர் சலிப்பாச் சொன்னார்: “பொம்பளைங்களுக்கு பஸ்ஸே ஃப்ரீயா வுட்டுகினு கீறாங்க, உனக்கு இன்னாத்துக்குமா பாஸு?”

இவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்தின சீட்டுல போய் உக்காந்து பாத்தா, எம்.ஏ. முதல் செமஸ்டர்ல முதல் பேப்பரே ‘உயர்நிலை நுண்ணினப் பொருளியல்’.