பெயர் எழுதாத உறை

மதாம் செலின் இறந்த செய்தி எனக்கு இரண்டு பகுதிகளாக வந்தது. காலையில் அடுப்பில் பால் வைத்திருந்தபோது அவருடைய அண்ணன் அந்துவான் ஐயா தொலைபேசியில் அழைத்தார். "வசந்தி, செலின் எழுந்துக்கலம்மா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டா" என்றார். உடனே வருகிறேன் என்று சொன்னேன். அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இன்னொண்ணும்மா. அந்தப் பூச்சிப் பெட்டிக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது. அதுல இருக்கறதெல்லாம் எப்பவோ செத்ததுதான?" என்றார்.

மதாமை அறிந்தவர்களுக்கு அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் புதுச்சேரியில் பிரெஞ்சு வழிப் பள்ளியொன்றில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். மாணவர்களுக்கும் தெருவுக்கும் அவர் பூச்சி மதாம். குடும்பத்தில் மற்ற எல்லோரும் பிரான்சில் குடியேறிவிட, அவரும், பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு திரும்பிய அண்ணனும் மட்டும் வைத்திக்குப்பத்துக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கும் வீட்டில் தங்கிவிட்டார்கள். நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தவை ஊசித்தட்டான்கள், அதாவது தட்டானின் மெலிந்த உறவினங்கள். எங்களுக்கிடையே இருந்ததை நட்பு என்பதைவிட நெடுநாள் வழக்கு என்பதே பொருத்தம்.

பிடித்த ஊசித்தட்டானை முக்கோணமாக மடித்த காகித உறையில் உயிரோடு வைப்பது எங்கள் துறை வழக்கம். ஓர் இரவில் அதன் குடல் காலியாகும். மறுநாள் அசிட்டோனில் போட்டால் உடல் கறுக்காது. மதாம் தம் உறைகளைத் துக்க அட்டைகளில் மடித்தார். மாதா கோவிலில் இறந்தவருக்கான பூசை முடிந்ததும் மிச்சம் கிடக்கும், கறுப்பு ஓரமிட்ட அந்த அட்டைகளைக் கேட்டு வாங்கிவருவார். இறந்தவரின் பெயர் அச்சான பக்கம் உள்ளே, பூச்சியோடு ஒட்டி இருக்கும். வெற்றுப் பக்கத்தில் பூச்சியின் குடும்பப் பெயரை எழுதி அந்தப் பெட்டியில் அடுக்குவார். இதைப் பார்த்து நான் முகம் சுளித்தபோது, "நல்ல காகிதம்மா, மடிப்பு நிக்குது. அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். ஒரு விதியும் வைத்திருந்தார். உயிரோடு இருக்கும் பூச்சிக்கு உறையில் எதையும் எழுதமாட்டார். "சாவட்டும், அப்புறம் குடும்பம் சொல்லலாம்." பிற்காலத்தில் கொல்வதையே விட்டுவிட்டார். பெட்டியில் புதிய உறை எதுவும் சேரவில்லை.

அசிட்டோனில் ஊறி உலர்ந்த பூச்சியின் நிறம் போகப்போக மங்கிவிடும். நீலம் சாம்பலாகும், பச்சை பழுப்பாகும். எஞ்சுவது இறக்கை நரம்புகள். "நிறம்தான் மொதல்ல போவும். நரம்பப் பாரு, நிறத்த நம்பாத" என்பது அவர் ஓயாமல் சொன்னது. நூல் போன்ற உடல் கொண்ட ஊசித்தட்டான்களை முன்பு தனிக் குடும்பமாக வைத்திருந்தார்கள். அவற்றின் இறக்கையில் ஒரு நரம்பு குறைந்து போயிருந்ததே அதற்குக் காரணம். மரபணு ஆய்வுகள் வந்தபோது அவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லை, வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக அந்த நரம்பை இழந்தவை என்று தெரிந்தது. அந்தக் குடும்பமே இல்லாமல் போயிற்று. அன்று மதாம் உறைகளில் பழைய பெயரை அழித்துக்கொண்டு, "இல்லாதத வெச்சி ஒறவு சொன்னா இப்படித்தான்" என்றார். அந்துவான் ஐயா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "நம்ம கதையும் அதான். பிரான்சுக்குப் போவாததுங்க ரெண்டும் ஒரு குடும்பம்னு எழுதி வெச்சிருக்காங்க" என்றார். மதாம் அழிப்பானை அவர்மேல் எறிந்தார்.

எங்கள் கடைசி வழக்கு விரிசிறகிகளைப் பற்றியது. மற்ற ஊசித்தட்டான்கள் உட்காரும்போது இறக்கையை மூடிக்கொள்ளும். இந்தக் குடும்பம் பாதி விரித்தபடி உட்காரும். கனகசெட்டிக்குளத்துக்குப் பக்கத்தில், கடலை நோக்கிப் போகும் வழியில் ஒரு முட்புதர்க் காடு இருக்கிறது. மழைக்காலம் முடிந்து குளங்களிலிருந்து வெளிவரும் விரிசிறகிகள் அங்கே வந்து உட்கார்ந்து, கோடை முழுவதும் ஏறக்குறைய அசையாமல், அடுத்த ஐப்பசி மழைக்குக் காத்திருக்கின்றன என்றார் மதாம். வேறு ஊர்களில் இது தெரிந்த விஷயம்தான். உப்புக்காற்று அடிக்கும் இந்தக் கரையில் ஒரே பூச்சி அத்தனை மாதம் தாங்கும் என்பதை நான் ஏற்கவில்லை. "மாசியில பாத்ததும் ஆடியில பாத்ததும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க மதாம்?" என்று கேட்டேன். "அடையாளம் வெச்சிட்டா ஒத்துக்குவியா?" என்றார். ஒத்துக்கொள்கிறேன் என்றேன்.

சென்ற மாசியில் இருவரும் போனோம். அந்தப் புதருக்குள் நிற்பது எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. முதலில் காய்ந்த குச்சிகள் மட்டுமே தெரியும். மதாம் விரல் நீட்டிக் காட்டிய பிறகு ஒரு குச்சிக்குக் கண் இருப்பது தெரியும். நாம் நகர்ந்தால் அது காம்பின் மறுபக்கத்துக்கு மெல்ல நகரும். ஒன்றைக் கண்டுகொண்டதும் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. நாம் உள்ளே நுழைந்ததிலிருந்தே அவை நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஓர் ஆண் விரிசிறகியை நான் பிடித்துக்கொள்ள, மதாம் சிவப்பு நகப்பாலிஷ் குப்பியைத் திறந்தார். தூரிகையில் அதிகம் இருக்கிறதா என்று முதலில் தம் இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு பூச்சியின் இடப் பின்னிறக்கையில் ஒரு புள்ளி. நான் இறக்கையை மிக நெருக்கமாகப் படமெடுத்தேன். "ஒன் போன்லயே இருக்கட்டும். என்கிட்ட இருந்தா நான் மாத்திட்டேன்னு சொல்லுவ" என்றார். சொல்லக்கூடியவள்தான் நான்.

இறப்பதற்கு முந்தைய நாள் மாலை அவர் அழைத்தார். புரட்டாசி பிறந்திருந்தது, இன்னும் மழை இல்லை. "நாளைக்கி வா. ஒனக்கு ஒருத்தர காட்டணும்." யார் என்று கேட்டேன். "தெரிஞ்சவருதான். கொஞ்சம் எளைச்சிட்டாரு" என்று சிரித்தார்.

நான் போனபோது கூடத்தில் சவப்பெட்டிக்குள் அவரைக் கிடத்தி, விரல்களில் செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் பஞ்சை நனைத்துக்கொண்டு குனிந்திருந்தார். "இன்னா இது, ஒரே நகத்துல மட்டும் சேப்பு? பாக்க நல்லாவா இருக்குது, தொடச்சி வுடறேன்." அந்துவான் ஐயா அவர் கையைத் தடுத்தார். "வுடும்மா. அது பூச்சிக்கு வெச்சது." இடது கட்டைவிரல் நகத்தில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி, அப்போதுதான் வைத்தது போல் மினுங்கியது. வெளுத்துப்போன அந்தக் கையில் அது மட்டுமே நிறம். என்னால் அதிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஐயா என்னை உள்ளறைக்கு அழைத்துப்போனார். நாங்கள் நெருங்கியதும் பூச்சிப் பெட்டிக்குள் சத்தம் நின்றது. காத்திருந்தோம். மீண்டும் தொடங்கியது, காகிதத்தை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல. மூடியைத் திறந்தேன். குடும்பப் பெயர் எழுதிய உறைகள் வரிசையாக அசைவின்றி நின்றன. வரிசையின் கடைசியில் எதுவும் எழுதாத உறை ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே வைக்கோல் நிறத்தில் ஒரு விரிசிறகி. இடப் பின்னிறக்கையில் சிவப்புப் புள்ளி.

"பாத்தியா, புள்ளி இருக்குது! இதான அது?" என்றார் ஐயா.

"இது நேத்து சாயந்திரம் வெச்ச புள்ளி ஐயா. அவங்க நகத்துல புதுப் புள்ளி பாத்தீங்க இல்ல? பழசு உதிர்ந்து போயி புதுசா வெச்சிருக்கலாம். வேற ஒரு பூச்சிக்கு வெச்சதாவும் இருக்கலாம். இத வெச்சி ஒண்ணும் சொல்ல முடியாது."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஆடியில, ஆவணியில, அந்த வெய்யில்ல பஸ் ஏறிப் போயிப் போயித் தேடினா. போவாதடின்னு சொன்னேன். வசந்தி வாயால 'ஆமா'ன்னு கேக்கணும்னு சொன்னா. இன்னும் கொஞ்ச நேரத்துல பெட்டிய மூடிடுவாங்க. அவ சொன்னது சரியா, இல்லியா? அத மட்டும் சொல்லு, நான் போயி அவகிட்ட சொல்லணும். ஒப்புக்குச் சொல்லாத. ஒப்புக்குச் சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும்."

இறந்தவர்களுக்கு எதுவும் தெரியாது என்பதே என் கருத்து. ஆனாலும் ஒப்புக்குச் சொல்லத் துணியவில்லை.

ஜன்னலோரம் போய், பூச்சியின் இறக்கையை வெளிச்சத்தில் பிடித்தேன். கூடத்தில் செபம் சொல்லும் குரல்கள் ஏறி இறங்கின. மதாமின் கைலென்சை எடுத்துக்கொண்டேன். போனில் மாசி மாதப் படத்தைத் திறந்து பெரிதாக்கினேன். நரம்புகள் குடும்பத்தைக் காட்டும் என்றுதான் வகுப்பில் சொல்கிறோம். உற்றுப் பார்த்தால் அவை ஆளையும் காட்டும். ஒரே இனத்தில்கூட இரண்டு இறக்கைகளின் நரம்புக் கட்டங்கள் அச்சாக ஒத்துப்போவதில்லை. படத்தில் இறக்கை நுனிக்குக் கீழே, ஐங்கோணக் கட்டங்களுக்கு நடுவில், பிசகாக ஒரு முக்கோணம் இருந்தது. அதற்கு அடுத்த வரிசையில் ஒரு குறுக்கு நரம்பு எதையும் தொடாமல் பாதியில் நின்றிருந்தது. லென்சைத் தாழ்த்தினேன். முக்கோணம் இருந்தது. பாதியில் நின்ற நரம்பும் இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். பூச்சியும் தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தது.

"அதேதான் ஐயா. மதாம் சொன்னது சரி."

அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். நான் பூச்சியை மீண்டும் உறையிலிட்டு, கையில் வைத்தபடி வாசலில் நின்றேன். அது விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது. ஐயா குனிந்து தங்கையின் காதருகே ஏதோ சொன்னார். என் கையில் சுரண்டல் நின்றது. விரலின் அழுத்தம் சற்று மாறினாலே இப்பூச்சிகள் அடங்கிவிடும், இது எளிதாக விளக்கக்கூடிய விஷயம்தான். அந்தக் கணத்தில் அந்த விளக்கத்தால் எனக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

அடக்கம் முடிந்த கையோடு நானும் ஐயாவும் ஆட்டோ பிடித்து கனகசெட்டிக்குளம் போனோம். வெயில் இறங்கியிருந்தது. உறையைப் பிரித்து ஒரு காய்ந்த காம்பின் அருகே நீட்டினேன். பூச்சி ஏறிக்கொண்டது, இறக்கையைப் பாதி விரித்தது. ஒரு காற்று வந்து போயிற்று.

"எங்க போச்சி?" என்றார் ஐயா.

"அங்கதான் இருக்கு."

"எனக்குத் தெரியலியே."

நான் கண்ணை எடுக்கவே இல்லை. ஆனாலும் எனக்கும் தெரியவில்லை. சிவப்புப் புள்ளிகூடத் தெரியவில்லை. ஐயா தொப்பியைக் கழற்றி, எந்தக் குச்சியைப் பார்ப்பது என்று தெரியாமல் பொதுவாகத் தலையசைத்தார்.

ஐப்பசி மழை வந்ததும் விரிசிறகிகளின் கண்கள் நீலமாகிக் குளக்கரைக்கு வந்துவிடும். போய்ப் பார்ப்பேன்; அதைக் கண்டுபிடிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. பூச்சிப் பெட்டி ஐயாவிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னிடம் இருப்பது அந்த உறை மட்டும். உள்பக்கம் நான் அறியாத ஒருவரின் பெயர் இருக்கிறது. வெளிப்பக்கத்தில் இன்னும் எதுவும் எழுதவில்லை. மதாமிடமிருந்து எனக்கு வந்த இன்னொன்றும் உண்டு, அதை நான் கேட்டு வாங்கவில்லை. கல்லூரிக்குப் போகும் வழியில் ஒரு வேலிப்புதர் இருக்கிறது. அதைக் கடக்கும்போது என் நடை தானாகக் குறைந்துவிடுகிறது. அதில் இருப்பவை வெறும் காய்ந்த குச்சிகள் என்று முன்போல என்னால் இப்போது சொல்ல முடிவதில்லை.