மடித்து வைத்த துணி

டோர்செட் பார்க் மாடிக்கட்டடத்தில், எல்லாரும் துணி துவைக்கும் பொது லோண்ட்ரி அறையில் தவமலர் தன் துணிகளை எண்ணிக்கொண்டு நின்றாள். மூன்றாவது கிழமையாக யாரோ அவற்றை ட்ரையரிலிருந்து எடுத்து அழகாக மடித்து வைத்திருந்தார்கள். ஒரு காலுறைகூடக் குறையவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. ஆதாயமில்லாமல் ஆர் அடுத்தவன் பெனியனை மடிப்பான்? இருபத்திரண்டு வருடமாக இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் கடமைப்படாமல் இருந்தவள் அவள்.

ஐந்தாம் மாடிக்குப் புதிதாக வந்த தமிழ்நாட்டுப் பெண் அனுபமா பக்கத்து மெஷினருகே நின்று சிரித்தாள்.

"நீர்தானே மடிச்சது? உமக்கு என்ன வேணும் பிள்ளை, நேராச் சொல்லும்."

"ஒண்ணும் வேணாம்க்கா. நான் குடிவந்த வாரம் என் துணிய நீங்க மடிச்சு வச்சீங்களே, கதவுகிட்ட நின்னு பார்த்தேன். இந்த ஊர்ல எனக்கு முதல்ல கிடைச்ச மனுஷி நீங்கதான்."

தவமலருக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. காணாமல்போன தலையணை உறையை இவள்தான் எடுத்திருப்பாள் என்று அந்தத் துணிகளைக் கிளறித் தேடியிருந்தாள். கிளறியது தெரியக்கூடாதென்றுதான் மடித்து வைத்தாள். உறை பிறகு தவமலரின் சொந்தக் கட்டிலடியிலேயே கிடந்தது.

"அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வருவீங்களாக்கா?"

தவமலர் மடித்த துணிகளின் மேலே இருந்த அதே தலையணை உறையைக் கூடையின் அடியில் செருகினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.