சிரிப்பு வருமென்று சவுண்டை ஏற்றியவன்

முப்பது வருடம் தியேட்டர் ஆபரேட்டராக இருந்தும், எனக்கு நடிக்க வரும் என்று நம்பிய முட்டாள் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் என் மச்சான் செல்வராஜ் சொல்லிவிடுவான்.

கடலூரிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்கு வேலைக்குப் போகிறவன் நான். ஞாயிறு காலையில் பழைய காமெடிப் படம் போடலாம் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன்.

"மொத ஷோவுல ஜனம் சிரிக்கணும்யா. இல்லன்னா காலையில ஹாலப் பூட்டிடுவேன். நீ மத்தியானத்துக்கு மேல வந்தா போதும்" என்றார்.

பாதி வேலை போய்விடும் என்று அர்த்தம். படத்தை மட்டும் ஓட்டியிருக்கலாம். சும்மா இருந்தேனா? பெண் பார்க்கப் போன நாயகனின் ஒட்டு மீசை பாயசத்தில் விழும் காட்சி அந்தப் படத்தில் ஒரு காலத்தில் பிரசித்தம். அதைக் கிண்டல் செய்து ஐந்து நிமிட வீடியோ எடுத்தேன். நாயகன் நான், பெண்ணின் அப்பா செல்வராஜ். பாயசத்துக்குப் பதில் ஒரு வாளி சாம்பார்.

"மாமா, படம் முடிஞ்சப்புறம் இத போடலாமே?"

"போடா மச்சான். சோத்தத் தின்னுட்டு எந்திரிச்சப்புறமா ஊறுகா வைப்பாங்க?"

ஹால் சிரிக்கும்போது அடுத்த வசனம் அமுங்கிவிடும். அதனால் சிரிப்பு எழும் இடங்களில் சவுண்டை ஏற்றுவது எங்கள் வழக்கம். என் வீடியோவில் எட்டு இடங்களைக் குறித்து வைத்திருந்தேன்.

ஞாயிறு காலை, படத்துக்கு முன்னால் வீடியோவை ஓட்டினேன். முதல் இடம். ஏற்றினேன். ஹாலில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. "என் மீச எங்க?" என்று என் குரல் மட்டும் இடி மாதிரி விழுந்தது. இரண்டாவது இடத்தில் ஒரு கைக்குழந்தை வீறிட்டது. நெல்லிக்குப்பத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஓர் அம்மா எழுந்து, மேலே நான் படம் ஓட்டும் பூத்தைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, கொறச்சு வைங்க, காது கிழியுது!"

பிறகு படம் ஓடியது. மீசை பாயசத்தில் விழுந்ததும் ஹாலே குலுங்கியது. அதே அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்ய, அந்த சாம்பாரு ஆளப் பாத்து காப்பியடிச்சிருக்காங்க பாரேன்!" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. அசலைப் பார்க்காதவர்களிடம் நகலைக் காட்டிச் சிரி என்றால் எப்படிச் சிரிப்பார்கள்? படம் முடிந்ததும் லைட்டைப் போடாமல் வீடியோவை மறுபடி ஓட்டினேன். சூடுபட்ட பூனை, சவுண்டு பக்கம் கையே கொண்டுபோகவில்லை. சாம்பார் வாளி தெரிந்ததுமே ஆரம்பித்த சிரிப்பு கடைசிவரை நிற்கவில்லை.

முதலாளி பூத்துக்கு ஏறி வந்தார். "அடுத்த ஞாயித்துக்கெழமயும் படம் போடு."

தொழிலுக்கு வரும் தம்பிகளே, அசலை முதலில் காட்டுங்கள். சிரிப்பு வந்த பிறகு சவுண்டைத் தொடுங்கள். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"மொதலாளி, என் நடிப்பு எப்புடி?"

"வசனம் ஒண்ணும் காதுல விழல, அதான் நல்லாருந்துச்சு."